மூன்று பேருக்கு மூன்று பொய்

ஜூன் 11, ஞாயிறு

ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். ஏழே முக்கால் வரை உட்கார்ந்தே இருந்தேன். ஒருத்தியும் வரவில்லை.

பின்னால் யாராவது இந்த நோட்டைப் படித்தால், சும்மா புலம்பியிருக்கிறாள் என்று நினைக்கக் கூடாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். திருச்சியில் கணிதம் படித்தபோது விடுதியில் ஒரே அறையில் நான்கு பேர் இருந்தோம். வளர்மதி, ஷமீமா, ஜெசிந்தா, நான். மூன்று வருடம் ஒரே வாளி, ஒரே கொடிக்கயிறு. படிப்பு முடிந்ததும் வளர்மதி திருச்சியிலேயே கல்யாணமாகித் தங்கிவிட்டாள். ஷமீமா புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஜெசிந்தா தஞ்சாவூரில் பள்ளிக்கூட டீச்சர். அவர்கள் நினைத்தால் ஒன்றரை மணி நேரப் பஸ்ஸில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். நான் மட்டும் கல்யாணம் செய்துகொண்டு நாக்பூருக்கு வந்தேன். இரண்டு வருடமாகிறது.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வீடியோவில் பேச வேண்டும் என்பது ஜெசிந்தா போட்ட சட்டம். முதல் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தது. இப்போது வளர்மதிக்குக் குழந்தை அழுகிறது, ஷமீமாவுக்கு நெட் இல்லை, ஜெசிந்தாவுக்குப் பாடக்குறிப்பு எழுத வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூன்று காரணம் கிடைப்பது எப்படி? எனக்கு மட்டும் ஏழு மணிக்கு ஒரு வேலையும் இருப்பதில்லை.

இவர் எட்டிப் பார்த்து, நீயே கூப்பிட வேண்டியதுதானே என்றார். என் கணவர் சத்தியசீலனுக்கு எல்லாமே சுலபம். போன வாரமும் நான்தான் கூப்பிட்டேன். எத்தனை தடவை நானே கூப்பிடுவது?

ஜூன் 12, திங்கள்

வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. மாவு பொங்கி அடுப்பு மேடை முழுக்க வழிந்திருந்தது. புளித்த தோசையைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லாமல் நான்கு சாப்பிட்டார். அதுவும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14, புதன்

வளர்மதியின் ஸ்டேட்டஸில் ஒரு படம். ஏதோ ஓட்டல் மேசை, மூன்று காபி டம்ளர். எழுத்து ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். ஜெசிந்தாவின் விரல் எனக்குத் தெரியாதா? விடுதிக் கதவில் நசுங்கிய விரல். கதவை அறைந்து சாத்தியவள் நான்தான், அது வேறு விஷயம்.

ஆக மூன்று பேரும் சந்தித்திருக்கிறார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் படத்தையும் காணோம். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?

வீட்டுக்கார அம்மா மாடியில் அப்பளம் இடக் கூப்பிட்டார். இந்த ஊரில் காக்கு என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

இரண்டாம் வருடத்தில் எங்கள் மாடியில் நடப்பதெல்லாம் வார்டன் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சந்தேகப்பட்ட மூன்று பெண்களிடம் நாங்கள் மூன்று வெவ்வேறு பொய்களைச் சொன்னோம். எந்தப் பொய் வார்டன் வாயிலிருந்து திரும்பி வந்ததோ, அதைக் கேட்டவள்தான் ஆள். இரண்டே நாளில் அகப்பட்டாள்.

அதையே இவர்களிடம் செய்து பார்க்கப் போகிறேன். என் முதுகுக்குப் பின்னால் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை.

ஜூன் 17, சனி

மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன்.

இவருக்குச் சென்னைக்கு மாற்றல் வரப்போகிறது, உறுதியாகும்வரை யாரிடமும் சொல்லாதே என்று வளர்மதியிடம் சொன்னேன். மாமியாரோடு பெரிய சண்டை, பேச்சே இல்லை என்று ஷமீமாவிடம் சொன்னேன். (மாமியார் பாவம். நேற்றுதான் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறார்.)

ஜெசிந்தாவுக்கு என்ன சொல்வது என்று முன்பே யோசித்து வைக்கவில்லை. ஃபோனை எடுத்ததும் "சொல்லு" என்றாள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம். யாரோ பெற்றோர் கூப்பிட்டால் பேசுகிற மாதிரி ஒரு "சொல்லு". எனக்குச் சுருக்கென்றது. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, டாக்டர் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளின் சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்துபோனாள். பிறகு வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். உனக்கு மட்டும்தான், இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை, யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினாள்.

கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்னவோ. ஆனால் பெரிய செய்தியாக இருந்தால்தானே பரவும்?

ஜூன் 19, திங்கள்

ஜெசிந்தா காலையில் ஒரு தடவை, மத்தியான இடைவேளையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சோதனை என்றைக்கு, கூட யார் வருவார்கள், பெண் டாக்டரா என்று கேள்விமேல் கேள்வி. இரண்டு வருடத்தில் ஒரே நாளில் மூன்று தடவை அவள் கூப்பிட்டதே கிடையாது. திடீரென்று எங்கிருந்து வந்தது இத்தனை கரிசனம்?

ஜூன் 22, வியாழன்

ஜெசிந்தா லீவு போட்டுவிட்டு நாக்பூருக்கு வருகிறேன் என்கிறாள். வேண்டவே வேண்டாம் என்றேன். நேரில் பார்த்துவிட்டுப் போனால் மற்ற இரண்டு பேருக்கும் முழுக்கதையாகச் சொல்லலாம் அல்லவா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

சிலிண்டர் தீர்ந்து, பாதி வெந்த சாதத்தைக் காக்குவின் அடுப்பில் வைத்து எடுத்து வந்தேன். அவர் ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சிரித்து வைத்தேன்.

ஜூன் 29, வியாழன்

பக்ரீத். வாழ்த்துச் சொல்ல ஷமீமாவைக் கூப்பிட்டேன். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

பேச்சோடு பேச்சாக, "சென்னைக்கு வர்றீங்களாமே, எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா? வளர் குரூப்ல போட்டிருந்தா" என்றாள்.

எந்தக் குரூப்பில் என்று கேட்டேன். எங்கள் குழுவில் மே மாதத்துக்குப் பிறகு யாரும் எதுவும் போடவில்லை. பிரியாணி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் இல்லாமல் இன்னொரு குழு இருக்கிறது. நான் நினைத்தது சரிதான். சரியாக இருந்தும் ஏன் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

ஜூலை 1, சனி

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வளர்மதியைக் கேட்டேன். அவள் மழுப்பவில்லை.

"ஆமா, தனியா ஒரு குரூப் இருக்கு. முக்கொம்பு போன ஃபோட்டோவைப் போட்டப்ப நீ என்ன எழுதுன? 'நல்லா இருங்க'ன்னு எழுதிட்டு குரூப்பை விட்டே போயிட்ட. கெஞ்சிக் கூட்டிட்டு வந்தோம். ஷமீ வீட்டு ஃபோட்டோவுக்கும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே இருக்க முடியுமா கோதை?"

நல்லா இருங்க என்பது வாழ்த்துத்தானே? அதில் என்ன தப்பு கண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தக் குழுவை ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். ஜெசிதான் என்றாள்.

அப்படியென்றால் தினமும் மூன்று தடவை என் உடம்பை விசாரிக்கிறவள்தான் என்னை வெளியே நிறுத்தியவள். என் உடம்பைப் பற்றி ஜெசி ஏதாவது சொன்னாளா என்று வளர்மதியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஏன், உனக்கென்ன என்று பதறினாள். நன்றாக நடிக்கிறாள்.

ஜூலை 5, புதன்

ஜெசிந்தாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ரிப்போர்ட் வந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக்கட்டி என்று ஒரு வரி அனுப்பினேன். "மாதாவே" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பரப்புவதற்குச் செய்தி இல்லை என்றதும் ஆர்வமும் போய்விட்டது போலிருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

ஏழு மணிக்கு வளர்மதியும் ஷமீமாவும் டாண் என்று வந்து நின்றார்கள். குற்றமுள்ள நெஞ்சு. ஜெசிந்தா மட்டும் வரவில்லை. எங்கோ வெளியூர் போயிருக்கிறாளாம். எங்கே என்று இரண்டு பேருக்குமே தெரியாதாம். நம்பச் சொல்கிறார்கள்.

ஜூலை 16, ஞாயிறு

ஜெசிந்தா வந்தாள். குரல் மட்டும்தான். கேமரா கெட்டுப்போய்விட்டதாம். முகம் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூப் படம். கொஞ்ச நேரம் பேசிவிட்டு வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஜூலை 23, ஞாயிறு

கேமரா இன்னும் சரியாகவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

இன்றும் ரோஜாப்பூ. மூஞ்சியைப் பார்த்துப் பேச முடியாதவளுக்குத்தான் கேமரா கெட்டுப்போகும் என்று ஷமீமாவிடம் சொன்னேன். அவள் சொன்ன விஷயம் இன்னும் விசித்திரம். ஒரு மாதமாக ஜெசி அவர்களையும் நேரில் பார்க்கவில்லையாம். புதுக்கோட்டைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இரண்டு தடவை வராமல் இருந்திருக்கிறாள். வளர்மதி தஞ்சாவூர் வருகிறேன் என்றபோது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்றாளாம்.

எல்லோரிடமும் எதையோ மறைக்கிறாள். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

திருச்சி வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு நாளை கண்புரை ஆபரேஷன். இவரால் வர முடியவில்லை. நான் வந்திருப்பதை மூன்று பேரிடமும் சொல்லவில்லை. ஊர்க்காற்று பட்டதும் வளர்மதி வீட்டுக்கு ஓடலாமா என்று ஒரு நிமிடம் மனசு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அம்மாவின் கண் நன்றாக இருக்கிறது. அண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். முன்கூட்டிச் சொன்னால் எனக்கும் வெள்ளையடிப்பதாகச் சொல்வாள். என்னை ஏன் ஒதுக்கினாய், முகத்தைக் காட்டாமல் எதை மறைக்கிறாய் என்று பஸ்ஸில் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஜெசிந்தா பள்ளியிலிருந்து வரவில்லை. அவள் அம்மாதான் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோனது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கூடத்தில் அவள் அப்பாவின் படம் மாலையோடு இருந்தது. போன நவம்பரில் அவர் இறந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் டிக்கெட்டே பார்க்கவில்லை. அந்த வாரம் இவர்கள்மேல் ஏதோ கோபத்தில் இருந்தேன். என்ன கோபம் என்று எவ்வளவு யோசித்தும் இன்று நினைவுக்கு வரவில்லை.

காபியைக் கொடுத்துவிட்டு அம்மா எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ வந்தது நல்லதாப் போச்சும்மா. அவ உங்கிட்டயாச்சும் ஏதும் சொன்னாளா?"

எதைப் பற்றி என்று கேட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், வேளாங்கண்ணிக்குப் போய் வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினாளாம். சாயங்காலம் மொட்டைத் தலையோடு வந்து நின்றாளாம். வேண்டிய ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, குணமானால் முடி கொடுப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டேன், குணமாகிவிட்டது, கொடுத்துவிட்டேன் என்றாளாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லையாம்.

"யாருக்குன்னு கேட்டா, சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேங்கிறா. பெத்தவகிட்டகூடச் சொல்லக்கூடாத சத்தியம் என்னம்மா அது? கும்பகோணத்துலேருந்து பொண்ணு பார்க்க வர்றதா இருந்தாங்க. முடி வளரட்டும்னு தள்ளி வச்சோம். அவங்க வேற இடம் பார்த்துட்டாங்க. எவனோ ஒருத்தனுக்காகத்தான் செஞ்சிருப்பாளோன்னு எனக்குச் சந்தேகம். நீ அவளுக்கு உயிரா இருந்தவ. நீயாச்சும் கேட்டுச் சொல்லும்மா."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டம்ளர் கையைச் சுட்டது. கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாலரைக்கு ஜெசி வந்தாள். தலையில் நீலப் பருத்தித் துணி கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த நோட்டுக் கட்டோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். துணி நழுவியது. விரற்கடைகூட வளராத முடி. அதன் நடுவே அவள் காதுகள் தனியாகத் தெரிந்தன. அசிங்கமாக இருக்கிறேனா என்று கேட்டுச் சிரித்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தாள். வழியில் தன்பாட்டுக்குப் பேசினாள். வகுப்பில் பையன்கள் முதல் இரண்டு நாள் சிரித்தார்களாம், பிறகு பழகிவிட்டதாம். வளரும் ஷமீயும் பார்த்தால் எதற்கு என்று துருவித் துருவிக் கேட்பார்கள், உன் விஷயம் வெளியே வந்துவிடும், அதனால்தான் முடி வளரும்வரை உங்கள் யார் கண்ணிலும் படவில்லை என்றாள்.

நான் பேசாமல் வந்தேன். பேசாமலே இருந்திருக்கலாம். கட்டிக் கதை முடிந்துபோனது, ஜெசிக்குச் சந்தோஷம், ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது. இப்படியே பஸ் ஏறிவிடு என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பதற்கில்லை.

நிறுத்தத்துக்கு அருகில் வந்ததும் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"எந்தப் பக்கம்டி இருந்துச்சு? நான் ரெண்டு பக்கமும் கை வச்சு வேண்டிக்கிட்டேன்."

வாய் திறந்து இடது என்றோ வலது என்றோ சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"கட்டி எதுவும் இல்ல ஜெசி. ஆரம்பத்துலேருந்தே இல்ல. நீ யார்கிட்டயாவது சொல்றியான்னு பார்க்கறதுக்காகப் பொய் சொன்னேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. ரிப்போர்ட் தப்பா என்று கேட்டாள். ரிப்போர்ட்டும் இல்லை, டாக்டரும் இல்லை என்றேன். வளர்மதியிடம் சொன்ன மாற்றல், ஷமீமாவிடம் சொன்ன மாமியார் சண்டை, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் தலைத்துணியை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முடிச்சு விழ நேரமானது.

"பதினெட்டு நாள்" என்றாள். "எங்கப்பாவுக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கல, கோதை."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. அந்தத் தனிக் குழுவை ஆரம்பித்தது தான்தான் என்றும், அப்பா போனபோது நான் வராததில் என்மேல் கோபம் இருந்தது என்றும் சாதாரணமாகச் சொன்னாள். குழு விஷயம் எனக்குத் தெரியும் என்றேன். பிறகு இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திருச்சி பஸ் வந்தது.

"இனிமே நீ கூப்பிடாத. எனக்குத் தோணுறப்ப நான் கூப்பிடுறேன்."

தோன்றாமலே போனால் என்ன செய்வது என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பஸ் கிளம்பிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆகஸ்ட் 12, சனி

ஜெசியைக் கூப்பிடக் கூடாது. ஆனால் அவள் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்து மணிக்கு, ஜெசி சனிக்கிழமை வகுப்புக்குப் போயிருக்கும் நேரத்தில், அவரைக் கூப்பிட்டேன். நீங்கள் கேட்டுச் சொல்லச் சொன்னீர்களே, எந்தப் பையனுக்காகவும் இல்லை, எனக்காகத்தான், எனக்கு எந்த வியாதியும் இருக்கவில்லை, நான் சொன்ன பொய்யை நம்பிச் செய்தாள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "இதுக்காகவா எம்பொண்ணைப் போட்டு நான் ஒரு மாசமா அந்தப் பேச்சுப் பேசினேன்" என்றார். பிறகு ஃபோனை வைத்துவிட்டார்.

இவருக்கும் ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நான் வந்திருப்பதைச் சொன்னதும் வளர்மதியும் ஷமீமாவும் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அவர்களிடமும் சொன்னேன். வளர்மதி வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டினாள். ஷமீமா திட்டவில்லை. என் மாமியாருக்கும் எனக்கும் சமாதானமாக வேண்டும் என்று அவளும் தினமும் துஆ செய்தாளாம்.

ஆகஸ்ட் 19, சனி

நாக்பூர். ஒரே மழை. துணி எதுவும் காயவில்லை. காக்கு வீட்டில் கொடி கட்டிக் காயப்போட்டேன். அம்மாவின் கண்ணைப் பற்றி விசாரித்தார். பதில் சொல்ல அரை மணி நேரமாயிற்று. பாதிக்கு மேல் கைஜாடை.

ஆகஸ்ட் 24, வியாழன்

பதின்மூன்று நாளாயிற்று. ஜெசி கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று இந்தத் தடவை நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.